அறுபது கிலோ வேல்துரை

அந்தப் படத்த ரொம்ப நேரம் பாக்காதீய அண்ணாச்சி. பேப்பர்காரனுக்கு என்ன, பக்கத்த நிரப்பணும், நிரப்பிட்டான். "கற்றதை ஊருக்குத் திருப்பித் தரும் கபடி வீரர்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான் பாத்தீயளா. திருப்பித் தாரானாம். எவன்கிட்ட இருந்து வாங்குனான்னு ஒரு வார்த்தை கேட்டானா? கேக்க மாட்டான். என்கிட்ட வந்து கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்.

நடுவுல பச்சைச் சட்டை போட்டுப் பல்லக் காட்டிக்கிட்டு நிக்காம்லா, அவன் எங்க ஊரு. செந்தூர்பாண்டி. டிவியில எல்லாம் வாரான், உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அவன் கை ஒரு பய தோள்ல கிடக்கு பாருங்க, அந்தப் பய எம்மவன். வேல்துரை. ஆமா அண்ணாச்சி, நான் பெத்த பிள்ளைதான். அவன ஹாஸ்டல்ல இருந்து கூட்டிட்டு வரத்தான் விடியக்காலம் பஸ் ஏறி மதுரைக்கு வந்தேன். பய எங்கேன்னு தேடாதீய, சொல்லுதேன். இந்தப் பஸ்ஸுல திருநெல்வேலி வரைக்கும் வாரீயல்லா, நேரம் கிடக்கு.

எம் பேரு பூல்பாண்டி. மேலக்கரிசல் விலக்குல பரோட்டாக் கடை. லாரிக்காரங்க கிட்ட கேட்டுப் பாருங்க, எங் கடை சால்னாவுக்குன்னே வண்டிய நிறுத்துவாங்க. கடை அது பாட்டுக்கு நடக்கும். எனக்கு உசுரு கபடிதான். எங்க ஊரு டீமுக்கு நான்தான் செயலாளரு, கோச்சு, எல்லாம். கபடின்னா நாலு தடிப்பயலுவ மண்ணுல உருளுததுன்னு நினைச்சுக்கிடாதீய. கணக்கு இருக்கு. கோயில் கொடைத் திருவிழாவுக்கு நோட்டீசு அடிப்பாம்லா, அதுல என்ன போடுவான்? ஐம்பத்தஞ்சு கிலோ, அறுபது கிலோ, எழுபது கிலோன்னு பிரிச்சுப் போடுவான். அறுபது கிலோ ஆட்டம்னா ஆடுத ஒருத்தனும் அறுபதத் தாண்டக் கூடாது. காலையில எடை மிஷின கொண்டாந்து வைப்பாங்க. ஏறி நின்னு முள்ளு தாண்டிட்டுன்னா, நீ எப்பேர்ப்பட்ட கொம்பனா இருந்தாலும் வெளிய உக்காந்து வேடிக்கை பாக்க வேண்டியதுதான்.

அப்பம் ஜெயிக்கது எவன்? வயசும் உயரமும் உள்ள பயல அறுபதுக்குள்ள நிறுத்தத் தெரிஞ்சவன். பாடிப் போறதும் காலைப் பிடிக்கதும் எவனும் சொல்லிக் குடுத்திருவான். எடையில நிறுத்துத வித்தை அந்தச் சுத்துவட்டாரத்துலயே எனக்குத்தான் கைவந்திருக்கு. ராத்திரிச் சோறு கிடையாது. ஆட்டத்துக்கு முந்தின நாள் தண்ணியும் கிடையாது. எலுமிச்சம்பழத்த வாயில ஒதுக்கிக்கிட்டு ஒரு கவர்ல துப்பிக்கிட்டே இருக்கணும். மழைக்கோட்டப் போட்டுக்கிட்டு உச்சிவெயில்ல குளத்தாங்கரை மேல ஓடணும். அப்படியும் இறங்கலைன்னா அந்த மழைக்கோட்டோட எங் கடைப் பரோட்டாக் கல்லுப் பக்கத்துல நிப்பாட்டிருவேன். நான் பரோட்டாவ விசிறிக்கிட்டே இருப்பேன், பய வேர்த்துக்கிட்டே நிப்பான். கடை அடைக்கதுக்குள்ள அரைக்கிலோ போயிரும். இது எந்தக் காலேஜுல சொல்லிக் குடுக்கான், சொல்லுங்க.

இந்தச் செந்தூரு யாரு? நான் இறக்குன பய. தகப்பன் இல்லாத பிள்ளை, கடையில தண்ணி எடுத்து ஊத்த வந்தவன். நல்ல உயரம். ஐம்பத்தஞ்சுல கட்டி நிறுத்தி அவன வச்சு நான் தூக்காத கப்பு இல்ல. வல்லநாட்டுல இருந்து வள்ளியூரு வரைக்கும் எங்க டீமு வருதுன்னா மத்தவன் நோட்டீசைக் கிழிச்சுட்டுப் போயிருவான். பொறவு பட்டாளத்துக் கோட்டாவுல ஒரு ஆபீசர் பாத்துக் கூட்டிட்டுப் போனாரு. அங்க போய்த் தின்னு கொழுத்து எண்பதாயிட்டான். கபடி லீக்குல ஏலம் எடுத்தாங்க. டிவியில பேட்டி. உங்களுக்கு யாரு கபடி கத்துக் குடுத்ததுன்னு ஒருத்தி கேக்கா. இவன் தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சொல்லுதான், எங்க ஊரு மண்ணு கத்துக் குடுத்துச்சுன்னு. மண்ணாம். மண்ணா அவனுக்கு எலுமிச்சம்பழம் வாங்கிக் குடுத்துச்சு? கடையில அத்தனை பேரு முன்னால அந்த டிவியப் பாத்துக்கிட்டு நின்னேன் அண்ணாச்சி. எனக்குக் கல்லுல கிடந்த பரோட்டா கருகிப் போச்சு.

சரி, சவத்த விடுன்னு இருந்தேன். ரெண்டு வருசத்துக்கு முந்தி, லீக்கு இல்லாத மாசத்துல ஊருக்கு வந்து பள்ளிக்கூட மைதானத்துல முகாம்னு ஒண்ணு ஆரம்பிச்சான். இலவசம். ஊரே அவனத் தலையில தூக்கி வச்சு ஆடுது. நானும் ஒரு நாள் மறைவா நின்னு பாத்தேன். சிரிப்பா வந்துச்சு. பயலுவ பத்து நிமிசம் ஓடுதான், உடனே விசில ஊதி எல்லாவனும் தண்ணி குடிங்கலேங்கான். தண்ணி குடிக்கதுக்கு ஒரு கோச்சா? பொறவு எல்லாவனையும் மல்லாக்கப் படுக்க வச்சு, வயித்துல கைய வச்சு கபடி கபடின்னு சொல்லச் சொல்லுதான். இவன் குனிஞ்சு ஒவ்வொருத்தன் வாய்ப் பக்கமும் காதக் குடுத்துக் கேக்கான், டாக்டரு மாதிரி. அது முடிஞ்சா அவிச்ச முட்டை, கொண்டைக்கடலை, வாழைப்பழம். பந்தி நடக்கு அண்ணாச்சி, பந்தி. சமையலுக்கு ரெண்டு பொம்பளைய வேற வச்சிருக்கான். முகாம்னு பேரு, பாத்தா கலியாண வீடு.

ஆனாலும் எம்மவன அனுப்புனேன். ஏன்னா அவனுக்கு லீக்குல ஆளுக பழக்கம் இருக்கு, நாளைக்கு ஒரு வார்த்தை சொன்னா நடக்கும். வேல்துரை அப்பம் அறுபதுல எங்க டீமுக்குத் தூணு. பதினஞ்சு வயசுல அறுபதத் தொட்டான், பதினேழு வரைக்கும் அங்கயே நிறுத்தி வச்சிருந்தேன். உயரம் மட்டும் என் பேச்சக் கேக்காம வளந்துக்கிட்டே இருந்துச்சு. முகாமுக்கு அனுப்பும்போது பயகிட்டத் தெளிவாச் சொன்னேன், பயிற்சிய வாங்கிக்க, முட்டைய வாங்காதன்னு. வாங்கவும் இல்ல அண்ணாச்சி. எல்லாவனும் திங்கும்போது இவன் மட்டும் தள்ளிப் போய் ஷூக் கயித்த அவுத்து அவுத்துக் கட்டிக்கிட்டு இருப்பானாம். அப்படிச் சொல் பேச்சுக் கேட்ட பிள்ளை.

அதுதான் அந்தச் செந்தூருக்குப் பொறுக்கல. ஒரு நாள் சாயந்தரம் கடைக்கே வந்துட்டான். நல்ல கூட்டம். வந்த ஆள விடக்கூடாதுன்னு இலை போட்டு ரெண்டு பரோட்டா வச்சேன். அதப் பாத்துக்கிட்டே இருந்தான், கை வைக்கல. பெரிய ஆளாயிட்டாம்லா, நம்ம பரோட்டா இறங்குமா. பொறவு பையப் பைய ஆரம்பிச்சான்.

"மாமா, வேல்துரை உயரத்துக்கு எழுபதுக்கு மேல இருக்கணும். அவனுக்கு மூச்சு நிக்க மாட்டேங்குது. அவனச் சாப்பிட விடுங்க."

என் கடையில உக்காந்துக்கிட்டு என் பிள்ளைக்குச் சோறு போடச் சொல்லுதான் பாத்தீயளா. ஊருக்கே சோறு போடுதவன்டா நான்னு சொன்னேன். நீயும் இப்படித்தானல இருந்த, என்ன கெட்டுப் போயிட்டன்னும் கேட்டேன். அதுக்கு அவன் சொல்லுதான்.

"எனக்கு இப்பவும் நடுராத்திரி முழிப்பு வந்தா, மொதல்ல எங்கயாவது எச்சி துப்பணும்னுதான் மாமா தோணுது."

இது ஒரு பதிலா அண்ணாச்சி? எச்சி வந்தா துப்பிட்டுப் போ. அதுக்கும் நான்தான் பொறுப்பா? பரோட்டா அப்படியே கிடக்க எந்திரிச்சுப் போயிட்டான். இலைய நாய்க்குப் போட்டேன்.

அந்தப் பேச்ச உள்ள இருந்து எம் பொண்டாட்டி கேட்டுட்டா. பேச்சியம்மான்னு பேரு, வாயத் தொறக்க மாட்டா. தொறக்காதவளத்தான் நம்பக் கூடாது. நான் தினம் காலையில பயல எடை மிஷின்ல ஏத்துவேன். அறுபதுல நின்ன முள்ளு பைய நகருது. அறுபத்தொண்ணு. அறுபத்தொண்ணரை. எனக்குன்னா மண்டை காயுது. பயகிட்டக் கேட்டா தரையப் பாக்கான். ஒரு நாள் இவளே வந்து, ராத்திரிச் சோறு நான்தான் குடுக்கேன், எம்பிள்ளைக்கு நான் குடுக்கேன்னு சொல்லுதா. என்ன தைரியம் பாருங்க. அன்னைக்கு வீட்ல பெரிய சண்டை. நான் கை நீட்டுத ஆளு கிடையாது, எடை மிஷின மட்டும் அடுக்களைக்குக் கொண்டு போய் வச்சேன். எதுனாலும் என் கண்ணு முன்னால தின்னட்டும்னு நானும் பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கிட்டேன்.

வைகாசியில கொடை வந்துச்சு. மொதப் பரிசு ஆள் உயரக் கப்பும் ஒரு கிடாவும். எங்களுக்கும் பக்கத்து ஊரு நாலாங்கட்டளைக்காரனுக்கும் பல வருசத்துப் பகை, அந்தக் கிடா அவன் வீட்டுக்குப் போகக் கூடாது, அம்புட்டுத்தான். பய ரெண்டு கிலோ கூட நிக்கான். விடுவேனா? மழைக்கோட்டு, குளத்தாங்கரை, கல்லுப் பக்கம், எல்லாம் பண்ணினேன். கடைசியில தலைமுடிய வழிச்சு மொட்டையும் அடிச்சேன். காலையில முள்ளு அறுபதுல போய் அசையாம நின்னுச்சு பாருங்க, நாலாங்கட்டளைக்காரன் மூஞ்சியப் பாக்கணுமே. அந்த மாதிரி ஒரு சந்தோசம் எனக்குக் கலியாணத்தன்னைக்குக் கூட இல்ல. மேடையில யாரு சிறப்பு விருந்தினரு? இந்தச் செந்தூருதான். மாலையப் போட்டுக்கிட்டு எம்மவனையே பாத்துக்கிட்டு இருக்கான். அந்தப் பார்வையே எனக்குப் பிடிக்கல.

பைனல்ல நாலாங்கட்டளையோடதான் மோதுதோம். கடைசி ரெய்டு. ஒரு பாயிண்டு பின்னால இருக்கோம். வேல்துரைய அனுப்புனேன். கபடி கபடின்னு பாடிக்கிட்டு உள்ள போறான். போறது எப்படி? கத்தி மாதிரி. ஒருத்தன் காலத் தொட்டான், திரும்பையில இன்னொருத்தன் தோளத் தொட்டான். ரெண்டு பாயிண்டு. இனி கோட்டுக்கு வந்தாப் போதும், கப்பு நம்ம கையில. பாடுத சத்தம் விட்டுப் போகக் கூடாது, அது உங்களுக்குத் தெரியும்லா. விட்டா அவுட்டு. கோட்டுக்கு ஒரு கை தூரம் இருக்கு அண்ணாச்சி, ஒரே ஒரு கை. சத்தம் நின்னு போச்சு. வாயி அசையுது, கபடி கபடின்னு வாயி சொல்லுது, சத்தம் வரல. அப்படியே முழங்கால் மடங்கி மண்ணுல சாஞ்சிட்டான்.

நடுவர் விசில் ஊதிட்டாரு. நாலாங்கட்டளைக்காரன் கிடாவத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு ஆடுதான். நான் அந்தக் கிடாவையே பாத்துக்கிட்டு நிக்கேன். எனக்குக் கண்ணீரே வந்துட்டு. அதுக்குள்ள இந்தச் செந்தூரு மேடையில இருந்து மாலையோட குதிச்சு ஓடி வந்து எம்மவன அள்ளித் தூக்குதான். ஊரு முன்னால. பெத்தவன் நான் நிக்கேன், இவன் யாரு தூக்க? தூக்கிட்டு என்னையத் திரும்பி ஒரு பார்வை பாத்தான். திட்டல. திட்டியிருந்தாலும் நாலு வார்த்தை திருப்பிக் குடுத்திருப்பேன். கண்ணு வச்சே பிள்ளையக் கவுத்துட்டு, அவனே தூக்கிட்டும் போறான். இப்படி ஒரு நாடகத்த நான் சினிமாவுல கூடப் பாத்ததில்ல.

ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் குளுக்கோஸ் ஏத்துனாங்க. குளுக்கோஸ் ஏத்துனா எடை கூடும்னு நான் சொல்லிப் பாத்தேன், அந்த டாக்டரம்மா என்னைய வெளிய நிக்கச் சொல்லிட்டா.

பொறவு என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. நான் மைதா மூடை எடுக்கத் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தா வீட்ல பயலக் காணோம். மதுரைக்கு வெளிய செந்தூருக்குத் தெரிஞ்ச ஹாஸ்டலாம், படிப்பும் கபடியுமாம், இவ கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டா. என்னையக் கேக்கல. எடை மிஷினையும் காணோம். எங்கட்டின்னு கேட்டேன். கிணத்துல கிடக்கு, போய் எடுத்துக்கோங்கன்னா. நல்ல கம்பெனி மிஷின் அண்ணாச்சி. புத்தி கெட்டவ. அன்னையில இருந்து எனக்குச் சோத்த வச்சிட்டுப் போயிருதா, பேச்சு கிடையாது.

வருசம் ஒண்ணாகப் போகுது. இப்ப மறுபடி கொடை வருது. நாலாங்கட்டளைக்காரன் போன தடவ கிடைச்ச அந்தக் கப்ப ஜீப்புல கட்டி எங் கடை வாசல் வழியா ஊர்வலம் போறான். எனக்கு ரத்தம் கொதிக்குமா கொதிக்காதா? பயல ஒரு மாசம் என் கையில குடுத்தா இறக்கிருவேன். அந்த நம்பிக்கையிலதான் இன்னைக்கு வந்தேன்.

போய்ச் சேரும்போது மத்தியானம். செந்தூரு இல்ல, அவன் டீமு கேம்புக்குப் போயிட்டானாம். படம் எடுக்கதுக்கு மட்டும் வருவான்போல. வாட்ச்மேன், பயலுவ எல்லாம் சாப்பாட்டுல இருக்காங்கன்னான். நான் சுத்திப் போய் மெஸ் சன்னல் பக்கம் நின்னு பாத்தேன். வரிசையா உக்காந்து தின்னுக்கிட்டு இருக்காங்க. எம்மவன எனக்கு மொதல்ல அடையாளமே தெரியல. தோளு அகண்டு போச்சு. கன்னம் வச்சிருக்கு. மீசை அரும்பியிருக்கு. எழுபத்தி மூணு. பாத்தவொடன சொல்லிருவேன் அண்ணாச்சி, என் கண்ணு அப்படி. எழுபத்தி மூணுக்குக் கீழ இருக்காது. எத்தனை வருசம் கட்டிக் காத்த எடை.

அவன் சாப்பிடுததப் பாக்கணுமே. மத்த பயலுவ எல்லாம் சிரிச்சுப் பேசிக்கிட்டுச் சாப்பிடுதான். இவன் மட்டும் தலையத் தூக்காம, இடது கையால தட்டச் சுத்தி மறிச்சுக்கிட்டு, எவனோ வந்து பிடுங்கிட்டுப் போயிருவான்ங்க மாதிரித் திங்கான். எங்க வீட்ல ஒரு நாளும் அவன் அப்படிச் சாப்பிட்டதில்ல. இந்தப் பழக்கத்த எவன் சொல்லிக் குடுத்தான்? அந்தப் பயதான். வேற யாரு?

ஏலே வேல்துரைன்னு கூப்பிட்டேன். நிமிந்து பாத்தான். கை தட்டுல இருந்து தானா இறங்கிட்டு. வாயில இருந்தத மெல்லவும் இல்ல, முழுங்கவும் இல்ல. எந்திரிச்சு நின்னுட்டான் அண்ணாச்சி. அத்தனை பயலுவ இருக்க, இவன் மட்டும் எந்திரிச்சு, தட்டத் தள்ளி வச்சிட்டு நிக்கான். அந்த மரியாதை இருக்கே, அது நான் வளத்த வளப்பு. எந்த லீக்குக்காரனும் அதச் சொல்லிக் குடுக்க முடியாது. எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. கிளம்புலே, மூணு மணி பஸ்ஸப் பிடிக்கணும்னேன்.

என்னையவே பாத்துக்கிட்டு நின்னான். பக்கத்துல பரிமாறுத பொம்பளையும் கரண்டியோட நிக்கா. அவன் வாயில இருந்தத முழுங்கினான். பொறவு பைய உக்காந்து, தட்ட இழுத்துக்கிட்டான்.

"சாப்பிட்டு வாரேம்ப்பா."

சரின்னு நான் சைக்கிள் செட்டுப் பக்கம் போய் நின்னேன். பயலுவ ஒவ்வொருத்தனாக் கை கழுவிட்டு வெளிய வாரான். தட்டு கழுவுத சத்தம் கேட்டு அதுவும் அடங்கிட்டு. இவன் வரல. மறுபடி போய்ச் சன்னல்ல பாத்தேன். அவ்வளவு பெரிய மெஸ்ஸுல தனியா உக்காந்திருக்கான், தட்டுல மறுபடியும் சோறு. அந்தப் பொம்பளை ஊத்துதா, இவன் பிசையுதான். சன்னல் பக்கம் திரும்பவே இல்ல. நானும் கூப்பிடல. சாப்பிடுத பிள்ளைய எப்படிக் கூப்பிட?

மூணு மணி பஸ் போயிட்டு. நாலு மணி பஸ்ஸும் போயிட்டு. வாட்ச்மேன் வந்து கேட்டப் பூட்டணும்னான். ஒரு மனுசன் எவ்வளவு நேரந்தான் சாப்பிடுவான், நீங்களே சொல்லுங்க. நானும் கடை வச்சிருக்கேன், எத்தனையோ பசிச்ச பயலுவளப் பாத்திருக்கேன், இப்படி ஒருத்தன நான் பாத்ததில்ல. அந்தச் செந்தூரு பிள்ளைய அந்த அளவுக்குக் கெடுத்து வச்சிருக்கான். நான் அடுத்த வாரம் திரும்பப் போவேன். பய வருவான் அண்ணாச்சி. வரமாட்டேன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லல, கவனிச்சுக்கிடுங்க. சாப்பிட்டு வாரேன்னுதான் சொன்னான்.